ஊருக்குள் ஒரு சூப்பர் மார்க்கெட்: இடத்தை எப்படிப் பிரிப்பது, எப்படிக் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் இரண்டு தலைமுறையாக மளிகைக்கடை நடத்துபவர்கள், அடுத்த படியாக சூப்பர் மார்க்கெட் கட்ட நினைக்கும்போது, கடைகளை வரைந்து கொடுக்கும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக எல்லாப் பதில்களிலும் ஒரே கடையை எடுத்துக்கொள்கிறேன். சாலையைப் பார்த்து 40 அடி அகலம், உள்ளே 75 அடி ஆழம், ஒரே தளம், மொத்தம் 3000 சதுர அடி. முன்னால் 25 அடி காலியிடம், ஒரு பக்கம் வண்டி போக 12 அடிப் பாதை. நடுத்தர ஊரில் புதிதாகக் கட்டப்படும் பல கடைகள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கின்றன.

முதலில் எதை வரைய வேண்டும்? முகப்பையா, உள் அமைப்பையா?

இரண்டையும் அல்ல. பின்வாசலை வரையுங்கள்.

பெரும்பாலானவர்கள் கண்ணாடி முகப்பின் படத்தை செல்போனில் காட்டிக்கொண்டுதான் வருவார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் கடைக்குள் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே சரக்கு வந்துவிடுகிறது. லோடு வண்டி எங்கே நிற்கும், மூட்டை எந்தக் கதவு வழியாக உள்ளே போகும், எங்கே எடை சரிபார்ப்பார்கள், எங்கே அடுக்குவார்கள், அங்கிருந்து ரேக்குக்கு எந்த வழியாக வரும் என்பது முடிவானால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும். இதை விட்டுவிட்டு முகப்பிலிருந்து ஆரம்பித்தால், காலை பத்து மணிக்குக் கூட்டம் நிற்கும்போது அதே வாசல் வழியாக எண்ணெய்ப் பெட்டிகளும் வரும்.

என் ஆரம்ப கால வேலை ஒன்றில் குடோன் கதவை வீட்டுக் கதவைப் போல 3 அடி அகலத்தில் வைத்துவிட்டேன். கடை திறந்த பிறகு போய்ப் பார்த்தால், பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் பலகையைத் தள்ளும் கைவண்டி அந்தக் கதவில் நுழையவில்லை. இரண்டு பையன்கள் ஒவ்வொரு சிப்பமாகத் தோளில் சுமந்து கொண்டுபோனார்கள். தினமும் இரண்டு மணி நேர வேலை, அதுவும் முதுகை ஒடிக்கும் வேலை. கதவை உடைத்து அகலப்படுத்திக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நான் வரையும் எந்தக் கடையிலும் சரக்குக் கதவு 5 அடிக்குக் குறைவதில்லை. கதவடியில் படியோ வாசல்கட்டையோ இருக்காது. சக்கரம் தடையில்லாமல் உருள வேண்டும்.

3000 சதுர அடியை எப்படிப் பிரிப்பது?

நான் தொடங்கும் கணக்கு இது: விற்பனைப் பகுதிக்கு 2100, வாசலுக்கும் பில்லிங்குக்கும் 300, குடோனுக்கும் சரக்கு இறக்குமிடத்துக்கும் 450, ஊழியர் அறை, கழிப்பறை, மின்பலகை, சின்ன ஆபீஸ் எல்லாம் சேர்த்து 150.

குடோனுக்கு 450 அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். மொத்தக்கடையும் டீலரும் பக்கத்திலேயே இருந்து, தினமும் சரக்கு கிடைக்கும் என்றால் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் மாதத்தின் முதல் வாரம், தீபாவளி, பொங்கல் என்று பார்த்தால் நம் ஊர் வியாபாரம் சீராக ஓடுவதில்லை, அலை அலையாக வருகிறது. குடோன் போதாத கடையில் அட்டைப் பெட்டிகள் நடைபாதைக்கு வந்துவிடும். ரேக் மேல் ஏறும். கடைசியில் மின்பலகைக்கு முன்னாலும் நிற்கும். அப்படியானால் விற்பனைப் பகுதியைப் பெரிதாக்கியதில் லாபம் ஒன்றுமில்லை.

எத்தனை வரிசை ரேக் போடலாம்?

இதுதான் அதிகமாக வாக்குவாதம் நடக்கும் இடம். அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

40 அடியில் இரு பக்கச் சுவர்களும் 9 அங்குலம் வீதம் போக உள்ளே 38.5 அடி. இரு சுவர்களை ஒட்டிய ரேக்குகள் ஒன்றரை அடி வீதம் 3 அடி எடுக்கும். மீதி 35.5. நடுவில் போடும் இருபக்க ரேக் ஒவ்வொன்றும் 3 அடி அகலம்.

நான்கு வரிசை போட்டால் 12 அடி போகும். மீதி 23.5 அடியில் ஐந்து நடைபாதை, ஒவ்வொன்றும் 4.7 அடி. ஐந்து வரிசை போட்டால் 15 அடி போகும். மீதி 20.5 அடியில் ஆறு நடைபாதை, ஒவ்வொன்றும் 3.4 அடி.

ஒரு ட்ராலி ஏறத்தாழ 2 அடி அகலம். 4.7 அடியில் இரண்டு ட்ராலிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும். 3.4 அடியில் முடியாது. ஒருவர் துவரம் பருப்பு விலையைப் பார்த்துக்கொண்டு நின்றால், பின்னால் வருபவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். நெருக்கமான சந்தில் பெண்கள் ஒதுங்கிப் போவதை எந்தக் கடையிலும் பார்க்கலாம். யாராவது உரசிக்கொண்டு போவார்கள் என்று தோன்றினால் அந்த வரிசைக்குள்ளேயே வர மாட்டார்கள். அப்புறம் அங்கே எவ்வளவு சரக்கு அடுக்கியிருந்தால் என்ன?

அதனால் நான் நான்கு வரிசைதான் போடுவேன். ஐந்தாவது வரிசையில் வைக்க நினைத்த சரக்கில் பாதி, ஒரே பொருளின் எட்டாவது ஒன்பதாவது பிராண்டாக இருக்கும். அவற்றைக் குறைத்தால் ஒன்றும் குறையாது.

வரிசையின் நீளமும் முக்கியம். கடைகளுக்கு வரும் ரேக் பெரும்பாலும் 3 அடிப் பகுதிகளாக வருகிறது. எட்டுப் பகுதிகளுக்கு மேல், அதாவது 24 அடிக்கு மேல் இடைவெளி விடாமல் நீட்ட வேண்டாம். வாடிக்கையாளர் எதை எடுக்க மறந்தாரோ அதற்காக முழு வரிசையையும் சுற்றிவர வேண்டியிருந்தால், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பில் போட போய்விடுவார்.

ரேக் எவ்வளவு உயரம் இருக்கலாம்?

நடு வரிசைகள் நாலரை அடி. சுவரை ஒட்டியவை 7 அடி, ஆனால் மேல் இரண்டு தட்டுகளில் எடை இல்லாத பொருள் மட்டும்.

நம் ஊர்க் கடைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் 5 அடி உயரத்தை ஒட்டி இருப்பவர்கள். நடு ரேக் 6 அடி உயரத்துக்குப் போனால் அவர்களுக்கு அது சுவர்தான். கடை எவ்வளவு பெரியது, பில்லிங் எந்தப் பக்கம், கூட வந்த குழந்தை எங்கே போனது, ஒன்றும் தெரியாது. நாலரை அடியில் தலைக்கு மேலே கடை முழுக்கத் தெரியும். கல்லாவில் இருப்பவருக்கும் முழுக் கடையும் தெரியும். இதனால் திருட்டு குறைவதும் உண்டு.

கீழ்த்தட்டில் 5 லிட்டர் எண்ணெய் கேன், பெரிய சோப்புத்தூள் பை போன்ற கனமானவை. இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் தட்டுகளுக்குத்தான் கம்பெனிகள் போட்டி போடும், காசும் கொடுக்கும். கொடுக்கட்டும். ஆனால் அங்கே ஒரு தட்டையாவது உங்கள் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்டு வாங்கும் பொருளுக்கு ஒதுக்குங்கள். நான் பார்த்த ஒரு கடையில் பக்கத்து ஊர் அப்பளத்தைக் கீழ்த்தட்டிலிருந்து கண்மட்டத்துக்கு ஏற்றினார்கள். அதற்காகவே வரும் வயதானவர்கள் குனிந்து தேடுவது நின்றது.

எந்தச் சரக்கை எங்கே வைப்பது?

முதல் விதி வாசனை. இதை எந்த வரைபடமும் காட்டாது, மூக்குதான் சொல்லும்.

ஒரு கடையில் உப்புமா ரவையை வாங்கிப்போன அம்மா, மறுநாள் பாக்கெட்டோடு வந்து ‘இதில் ஊதுபத்தி வாசம் வருகிறது’ என்று நீட்டினார். பிரித்து முகர்ந்து பார்த்தேன், உண்மைதான். பூஜை சாமான் ரேக்கின் பின்முகம்தான் மாவு, ரவை ரேக். நடுவில் ஓட்டைத் தகடு மட்டும். கற்பூரமும் ஊதுபத்தியும் மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்தால் மெல்லிய பாக்கெட்டுக்குள்ளும் வாசம் இறங்கிவிடும். சோப்பும் டீத்தூளும், பினாயிலும் அரிசியும் இதே கதைதான். ஆகவே ஒரு வரிசையின் இரண்டு முகங்களிலும் ஒரே குடும்பச் சரக்கு இருக்கட்டும். சுத்தம் செய்யும் பொருள்கள் ஒரு கோடியில், மாவும் பருப்பும் மறுகோடியில். பூஜை சாமானை வாசலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் அதை மட்டும் வாங்க வருபவர்கள் கடை முழுக்க நடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விதி எடை. அரிசிச் சிப்பம் கடையைச் சுற்றி முடிக்கும் இடத்தில், பில்லிங்குக்கு அருகில். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ சிப்பம் பரவலாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் கடையைச் சுற்ற முடியாது. மாதிரி அரிசியை மூடி போட்ட சின்னப் பெட்டிகளில் வைத்து, சிப்பத்தைப் பில் போட்ட பிறகு பக்கவாட்டுக் கதவில் எடுத்துக் கொடுப்பது எல்லாருக்கும் நல்லது. அங்கே வண்டியை நிறுத்தி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லின் முன்பக்கம் சிப்பத்தைப் படுக்க வைக்க 6 அடிக்கு 6 அடி இடம் விடுங்கள்.

பாலைக் கடையின் கடைசியில் வைத்தால் ஆட்கள் முழுக் கடையையும் சுற்றுவார்களாமே?

மேலைநாட்டுக் கடைகளில் இது வெகு காலமாகப் பின்பற்றும் முறை. வாரம் ஒருமுறை காரில் வந்து வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் காலை ஆறு மணிக்கு அரை லிட்டர் பாக்கெட்டுக்காக வருபவர் அடுப்பை அணைக்காமல்கூட வந்திருப்பார். அவரை 75 அடி உள்ளே நடக்க விடுவது மரியாதையில்லை. அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

பாலும் தயிரும் மாவும் இருக்கும் குளிர்பெட்டியை முன்பக்கமே வையுங்கள். முடிந்தால் முகப்பில் 4 அடி ஜன்னல் ஒன்று. முழுக் கடையும் திறப்பதற்கு முன் அந்த ஜன்னல் மட்டும் திறந்தால் போதும், ஒரே ஆள் நடத்திவிடலாம்.

காய்கறி, பழம்?

காய்கறி வைப்பதென்றால் தரையில் தண்ணீர் வெளியேறும் வழியோடு வையுங்கள், இல்லாவிட்டால் வைக்காதீர்கள். கீரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், வாழையிலையிலிருந்து சொட்டும், வெங்காயச் சருகு பறக்கும், தக்காளி நசுங்கும். மினுமினுப்பான டைல்ஸ் போட்டால் முதல் வாரமே யாராவது வழுக்கி விழுவார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் சொரசொரப்பான தரையும், வடிகாலை நோக்கி மெல்லிய சரிவும், பக்கத்தில் கழுவும் தொட்டியும் வேண்டும். கழிவை எடுத்துப்போகும் வழி பின்வாசலாக இருக்கட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்க வேண்டாம்.

பாக்கெட் மட்டும் போதுமா? லூஸ் சாமானுக்கு இடம் வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும். பத்து ரூபாய்க்கு மிளகு கேட்பவரும், விசேஷத்துக்கு 8 கிலோ துவரம் பருப்பு கேட்பவரும் உங்கள் பழைய வாடிக்கையாளர்கள்தான். அவர்களை இழக்கக் கூடாது. 10 அடி நீளத்தில் ஒரு மேசை, இரண்டு எடைபோடும் இயந்திரம், பின்னால் மூடியுள்ள பெட்டிகள். எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் பில்லிங்கில் நேரம் மிச்சம். முன்னால் ஐந்தாறு பேர் நிற்க 6 அடி காலியாக விடுங்கள், அந்தக் கூட்டம் நடைபாதையை அடைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், காகிதப் பொட்டலத்துக்கும் துணிப்பைக்கும் இந்த மேசையடியில் நல்ல அளவில் இழுப்பறை வையுங்கள்.

பில்லிங் கவுன்டர் எத்தனை?

சாதாரண நாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை ஆறிலிருந்து எட்டுவரை உங்கள் பழைய கடையில் எத்தனை பில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மாதச் சாமான் பில் ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் ஒரு கவுன்டரில் மணிக்கு 15 பில். மணிக்கு 60 பேர் வருவார்கள் என்றால் 4 கவுன்டர் வேண்டும்.

நம் கடையில் ஒரு கவுன்டரும் அதன் பக்க வழியும் சேர்த்து 6 அடி எடுக்கும். நான்குக்கு 24 அடி. 38.5-இல் மீதி 14.5 அடி உள்ளே வரும் வழிக்கும், கூடை எடுக்கும் இடத்துக்கும், பை வைக்கும் டோக்கன் அலமாரிக்கும். சரியாகப் பொருந்தும். நான்கில் ஒன்றை ஐந்து பொருளுக்குள் வாங்குபவர்களுக்கு ஒதுக்கலாம்.

பில்லிங்குக்கு முன்னால் 9 அடியாவது ரேக் இல்லாமல் விட வேண்டும். வரிசை அங்கே நிற்கட்டும். இந்த 9 அடியில் ஐஸ்கிரீம் ஃப்ரீசரையும் சலுகை மேசையையும் கொண்டுவந்து வைப்பது நான் போகும் கடைகளிலெல்லாம் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எடுக்கச் சொல்வேன்.

இந்தக் கடை வடிவம் எங்கிருந்து வந்தது?

1916-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். அதுவரை அங்கும் நம் மளிகைக்கடையைப் போலத்தான், வாடிக்கையாளர் சொல்ல, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். சாண்டர்ஸ் மேசையை எடுத்துவிட்டு, மக்களையே உள்ளே விட்டார். சுழலும் கதவில் நுழைந்து, வளைந்து வளைந்து போகும் ஒரே வழியில் எல்லாச் சரக்கையும் தாண்டிப் பில்லுக்கு வர வேண்டும். அந்த அமைப்புக்கே 1917-இல் காப்புரிமை வாங்கினார். 1937-இல் ஓக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மேன் சக்கரம் வைத்த ட்ராலியைக் கொண்டுவந்தார், நடைபாதை அகலமானது. 1974-இல் ஓஹையோ மாநிலத்தின் ட்ராய் ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலாகப் படிக்கப்பட்டது, கல்லா மேசையின் வடிவமே மாறியது.

கோவையின் சிந்தாமணி, சென்னையின் காமதேனு போன்ற கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டுகளில்தான் நம்மில் பலர் முதன்முதலில் சரக்கைத் தாங்களே கையால் எடுத்திருப்போம். ஒரே வழியில் எல்லோரையும் ஓட்டும் சாண்டர்ஸ் முறையை இன்றும் சிலர் கேட்கிறார்கள். 3000 சதுர அடிக்கு அது வேண்டாம். வாசலில் நின்று பார்த்தால் எல்லா நடைபாதையும் தெரியட்டும், அவரவர் தேவைக்குப் போகட்டும்.

இருக்கிற வீட்டையே கடையாக மாற்றி, மாடியைக் குடோன் ஆக்கலாமா?

கீழே கடையாக்குவது பற்றிப் பேசலாம். மாடிக் குடோன் மட்டும் வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 875, பகுதி 2) வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. சில்லறைக் கடைக்கு 400 கிலோ. மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கிட்டுப் போட வேண்டும், 600-க்குக் குறையக் கூடாது. இப்போது அரிசி அடுக்கிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஓர் அடுக்குக்கு மூன்று சிப்பம். பத்து அடுக்கு உயர்ந்தால் 30 சிப்பம், 780 கிலோ. வீட்டுத் தளம் தாங்க வேண்டியதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்பது பதில் இல்லை. கான்கிரீட்டில் விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்குள் உள்ளே வேலை நடந்திருக்கும். அந்தத் தளத்துக்குக் கீழேதான் உங்கள் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்திருப்பான்.

கனமான சரக்கு எப்போதும் தரைத்தளத்தில். மாடி வேண்டுமென்றால் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கணக்கு வாங்கிக்கொண்டு, எடை குறைந்த பொருளுக்கு மட்டும்.

தூண்கள் நடுவில் வருகின்றனவே?

ரேக் வரைபடத்தை முதலில் போட்டு, பிறகு தூண் போடுங்கள். தூண் எப்போதும் இருபக்க ரேக்கின் நடுக்கோட்டில் விழ வேண்டும், நடைபாதையில் விழவே கூடாது. நம் கடையில் ஒரு ரேக் நடுக்கோட்டிலிருந்து அடுத்ததற்கு 7.7 அடி. அதனால் இரண்டு ரேக்குக்கு ஒரு தூண் என்று 15.4 அடி இடைவெளியில் போடலாம். பொறியாளரும் கொத்தனாரும் வேலையை ஆரம்பித்த பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை.

ஏ.சி., ஃப்ரீசர் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

பால் 5 டிகிரிக்குக் கீழே, உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். பிளக்கில் சொருகும் ஃப்ரீசர்கள் தங்கள் உள்சூட்டைக் கடைக்குள்ளேயே கக்குகின்றன. ஐந்தாறு ஃப்ரீசர் ஒரே மூலையில் இருந்தால் அந்த மூலைக்கு மட்டும் கூடுதல் ஏ.சி. தேவைப்படும். வாசலுக்கு நேராக ஃப்ரீசர் வைத்தால் வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து சொட்டும், கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகம். சாக்லேட்டுக்கு மேற்குச் சுவரைக் கொடுக்காதீர்கள். சித்திரை வெயிலில், இரவு ஏ.சி. அணைத்த பிறகும் அந்தச் சுவர் சூடாகவே இருக்கும்.

மின்சாரம் போனால் ஃப்ரீசரும் பில்லிங்கும் சில விளக்குகளும் ஜெனரேட்டரில் ஓட வேண்டும். இவற்றுக்குத் தனி வயரிங் முதலிலேயே இழுத்துவிடுங்கள்.

விளக்கு?

மஞ்சள் கலந்த வெள்ளைக்கும் நீலம் கலந்த வெள்ளைக்கும் நடுவிலான வெள்ளை, கடைக்காரர்கள் ‘நேச்சுரல் ஒயிட்’ என்று கொடுக்கும் 4000 கெல்வின் (விளக்கு நிறத்தின் அளவு) போதும். விளக்கு வரிசை நடைபாதைக்கு மேலே ஓடட்டும், ரேக்குக்கு மேலே அல்ல. அப்போதுதான் கீழ்த்தட்டிலும் எக்ஸ்பைரி தேதியைப் படிக்க முடியும். தக்காளிக்கு மேல் சிவப்பு விளக்கு போடச் சொல்பவர்கள் உண்டு. நான் போட்டுக் கொடுப்பதில்லை. வீட்டுக்குப் போய் வேறு நிறத்தில் பார்க்கும் அம்மா உங்களை நம்ப மாட்டார்.

தீ விபத்துக்கு என்ன ஏற்பாடு?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி தரைத்தள விற்பனைப் பகுதியில் 3 சதுர மீட்டருக்கு ஓர் ஆள் என்று கணக்கிட வேண்டும். நம் கடையில் விற்பனைப் பகுதியும் வாசல், பில்லிங் பகுதியும் சேர்ந்த 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 பேர். வெளியேறும் கதவு 1 மீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது. முன்வாசல் தவிர எதிர்ப்பக்கம் இன்னொன்று வைத்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இரண்டாவது கதவு வைப்பது சுலபம். அதைத் திறந்து வைப்பதுதான் கஷ்டம். திருட்டு பயத்தில் பூட்டுப் போட்டு, சாவியை முதலாளி பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத கம்பிப் பூட்டு கிடைக்கிறது. திறந்தால் மணியடிக்கும்படியும் செய்யலாம். கதவுக்கு முன்னால் பெட்டி அடுக்காமலிருக்க, தரையில் மஞ்சள் கட்டம் போடுங்கள். மின்பலகைக்கு முன்னால் 3 அடிக்கும் அதே மஞ்சள்.

வண்டி நிறுத்தம், சாய்வுதளம்?

நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டியில் வருகிறவர்கள். வண்டிக்கு 1 மீட்டருக்கு 2 மீட்டர் வைத்தால், முன்னாலுள்ள 25 அடியில் இரண்டு வரிசையாக 20 வண்டிகள், நடுவில் நடக்க வழியும் விட்டு, நிறுத்தலாம். எத்தனை இடம் விட வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஐ அனுமதிக்கு முன்பே பாருங்கள்.

பேஸ்மட்டம், அதாவது தெருவிலிருந்து கடைத் தரையின் உயரம், ஒன்றரை அடி என்றால், 1-க்கு 12 என்ற சரிவில் சாய்வுதளம் 18 அடி நீளம் வரும். முகப்பை ஒட்டி நீளவாக்கில் போட்டால் இடம் வீணாகாது. சக்கர நாற்காலிக்கு, முழங்கால் வலியுள்ளவருக்கு, ட்ராலியோடு ஆட்டோவரை போகிறவருக்கு, எல்லோருக்கும் அது வழி. 4 அடி அகலமும் ஒரு கைப்பிடியும் வேண்டும்.

ஒன்றரை அடி பேஸ்மட்டமே போதுமா என்று உங்கள் தெருவில் மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டு முடிவு செய்யுங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் தரைக்குக் கீழே குடோன் வைத்திருந்தவர்களின் நிலையை நினைத்தால், அந்த மாதிரி ஊர்களில் நான் பாதாளக் குடோன் வரைவதில்லை.

வாஸ்து பார்க்கலாமா?

தாராளமாக. கல்லா எந்தத் திசை பார்க்க வேண்டும், வாசல் எங்கே என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் அதற்கேற்ப வரையலாம், பெரும்பாலும் பொருந்தி வரும். தூண் எழும்பிய பிறகு வந்து சொன்னால்தான் சிக்கல். ஒன்றை மட்டும் மாற்ற மாட்டேன்: வெளியேறும் கதவை மூடச் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை.

ஊழியர்களுக்கு என்று தனியாக இடம் ஒதுக்க வேண்டுமா?

சட்டமே சொல்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது. பில்லிங்கில் சுழல் நாற்காலிக்கு இடம் இருக்கும்படி மேசையை வடிவமைக்க வேண்டும். முழங்கால் போக மேசையடியில் குழிவு இல்லாவிட்டால் நாற்காலி போட்டும் யாரும் உட்கார முடியாது. ரேக் பகுதியில் நிற்கும் பெண்களுக்கு, ஒவ்வொரு வரிசைக் கோடியிலும் மடக்கி வைக்கும் இருக்கை ஒன்றைச் சுவர் ரேக்கோடு சேர்த்தே அடித்துவிடலாம். ஓர் அடி அகலம் போதும்.

அப்புறம் கழிப்பறை. இருபது பெண்கள் வேலை செய்யும் கடையில் கழிப்பறை இல்லாமல், பக்கத்து வீட்டில் கேட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். பெண்களுக்குத் தனியாக, உள்தாழ்ப்பாளோடு, தண்ணீரோடு, குடோனைத் தாண்டிப் போக வேண்டியில்லாத இடத்தில் வையுங்கள். சாப்பிட ஒரு மேசையும் மின்விசிறியும். இதற்கு நான் ஒதுக்கும் இடம் 150 சதுர அடிக்குள்ளேயே அடங்குகிறது. இடமில்லை என்று சொல்பவர்களிடம் வரைபடத்தை விரித்துக் காட்டுகிறேன்.

ரேக் வாங்குவதற்கு முன் கடைசியாக என்ன செய்ய வேண்டும்?

தரை வேலை முடிந்ததும், சுண்ணாம்புத்தூளால் ரேக், கவுன்டர், ஃப்ரீசர் எல்லாவற்றையும் முழு அளவில் தரையில் வரையுங்கள். நாலரை அடி உயரத்துக்குக் கயிறு கட்டுங்கள். இரண்டு ட்ராலி வரவழைத்து, ஒன்றில் 26 கிலோ சிப்பம் ஒன்றை ஏற்றுங்கள். உங்கள் அம்மாவையோ அத்தையையோ கூப்பிட்டு, ஒரு மாதச் சாமான் பட்டியலைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். எதிர்த் திசையில் இன்னொருவரைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கே நின்று யோசிக்கிறார், எங்கே கோட்டை மிதிக்கிறார், எங்கே ‘இந்தப் பக்கம் போக முடியலையே’ என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். துடைப்பத்தால் கோட்டை அழித்து வேறு இடத்தில் போட ஐந்து நிமிடம் ஆகும்.